கேட்பவரையும் உள்ளிட்ட வீடு

உட்காருங்கள். உள்ளே வரலாமா என்று கேட்டு வாசலில் ஒரு கணம் நின்றீர்களே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். இந்த வீட்டில் அப்படி நின்றவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அந்தப் பெஞ்சில் வேண்டாம், கல் சுடும். இந்தப் பக்கம் வாருங்கள். சங்கரன்கோவில் வண்டிதானே? மூன்று நாற்பதுக்கு வர வேண்டும். நான்கே காலுக்கு வரும்.

ஆமாம், இது வீடுதான். எல்லாரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். வெளியே சன்ஷேடில் 'பேருந்து நிறுத்தம்' என்ற பலகை தொங்குவது உண்மை. ஆனால் பலகைதான் என் வீட்டில் தொங்குகிறது. என் வீடு பலகையில் தொங்கவில்லை. இதைச் சொன்னால் இந்த ஊரில் சிரிக்கிறார்கள். நான் நகைச்சுவைக்காகச் சொல்வதில்லை.

என் பேச்சு மேடைப் பேச்சு போல இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். நினைக்கலாம். முப்பத்தேழு ஆண்டுகள் தமிழாசிரியை. கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியை. பெயர் கிருபாவதி. இங்கே கிருபாவதி டீச்சர் என்றால்தான் தெரியும். வாக்கியத்தைத் தொடங்கினால் முடித்துவிட வேண்டும் என்பது என் பழக்கம். புளியடிக்குறிச்சியில் அந்தப் பழக்கம் உள்ள இன்னோர் ஆளை நான் பார்த்ததில்லை.

புதிய மனைப்பிரிவில் வீடு பார்க்க வந்தீர்களா? அப்படியென்றால் வைகுண்டமணியைப் பார்த்திருப்பீர்கள். எதிரே பிளக்ஸில் இரண்டு ஆள் உயரத்துக்குக் கைகூப்பி நிற்கிறாரே, அவரேதான். எப்படிப்பட்டவர் என்று கேட்கிறீர்கள். நல்லவர். மிகவும் நல்லவர். அவரிடம் உள்ள ஒரே குறை அதுதான்.

நான் யாரைப் பற்றியும் குறை சொல்பவள் அல்ல. அதனால் நிறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் கட்டும் சுவர் நேராக இருக்கும். பூச்சு உதிராது. ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். இந்த ஊரில் நாற்பத்து மூன்று வீடுகள் கட்டியிருக்கிறார். ஒன்றாவது ஒழுகியதாகக் கேள்விப்பட்டதில்லை. என்னிடம் படித்தவரா என்றால், இல்லை. அவர் 'ஆ' பிரிவு. நான் 'அ' பிரிவுக்குத்தான் தமிழ் நடத்தினேன். பின்னால் நடந்ததெல்லாம் இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தால் நடந்ததென்றே நான் கருதுகிறேன்.

அவருக்கு ஊர் என்றால் உயிர். தெருவில் யாராவது ஒரு தேவையைச் சொல்லிவிட்டால் போதும், அன்று இரவு அவருக்குச் சோறு இறங்காது. மறுநாளே அதைத் தீர்த்துவிடுவார். எங்கே தீர்ப்பார் என்பதுதான் கேள்வி. அந்தச் சமயத்தில் யாருடைய வீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறாரோ, அந்த வீட்டில் தீர்ப்பார். போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற சுப்பையா சார் வீட்டைப் பாருங்கள். அடுப்படிக் குழாய் தெருப் பக்கம் திரும்பியிருக்கும். 'தெருக்காரங்களுக்குத் தண்ணி இல்லையே சார்' என்றாராம். சார் குடத்தோடு தெருவுக்கு வந்து வரிசையில் நின்று தம் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார். மேலத் தெருவில் ஒரு மாடிவீடு. அதன் மொட்டை மாடியில் இளைஞர் மன்றம் உடற்பயிற்சி செய்கிறது. படிக்கட்டை வெளியே வைத்ததோடு நிறுத்தாமல், உள்ளேயிருந்து மாடிக்குப் போகும் வழியையே அடைத்துவிட்டார். வீட்டுக்காரர் மாடியில் வடகம் காயவைக்க வேண்டுமென்றால் மன்றத்தில் உறுப்பினராக வேண்டும். ஆகிவிட்டார், பாவம். அறுபத்தாறு வயது.

எல்லா இடத்திலும் ஒரு சலவைக்கல். அதில் வைகுண்டமணியின் பெயர்.

இதற்கெல்லாம் வேர் ஒரு சொல். அவர் வாயில் 'என்', 'உங்கள்', 'அவருடைய' என்ற சொற்கள் வரவே வராது. எல்லாம் 'நம்ம'. நம்ம ரோடு, நம்ம கலெக்டர், நம்ம சுப்பையா சார் அடுப்படி. நம் மொழியில் 'நாங்கள்' என்று ஒன்று இருக்கிறது, 'நாம்' என்று ஒன்று இருக்கிறது. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பெயர். ஏழாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வி. பல மொழிகளில் இந்த வேறுபாடு கிடையாதாம். அந்த மொழிக்காரர்கள் எந்த நம்பிக்கையில் வீட்டுக்குக் கதவு வைக்கிறார்களோ தெரியவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு வேண்டியிருந்தது ஓர் அறை. வீடுகூட இல்லை, அறைதான். அந்த முப்பத்தேழு ஆண்டுகளும் நான் பள்ளி விடுதியிலேயே வார்டனாகவும் இருந்தேன். வார்டன் அறைக் கதவு தாழிடப்படக் கூடாது என்பது விடுதி விதி. வயிற்று வலி, பல்லி, வீட்டு நினைவில் அழுகை என்று எந்த நேரமும் எவளாவது கதவைத் தள்ளிக்கொண்டு வருவாள். தாழிட்ட கதவுக்குப் பின்னால் ஒரு பக்கம்கூட நான் படித்ததில்லை. அதனால், ஓய்வுபெற்ற பிறகு பத்துக்குப் பன்னிரண்டு அளவில் ஓர் அறை, கிழக்கே ஒரு ஜன்னல், ஒரே ஒரு நாற்காலி, உள்ளேயிருந்து போடும் தாழ்ப்பாள். அதைச் சுற்றி எத்தனை வீடு வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். இதை வைகுண்டமணியிடம் தெளிவாகச் சொன்னேன். படம்கூட வரைந்து கொடுத்தேன்.

'நம்ம ரூம்தான டீச்சர், ஜோராப் போட்டுருவோம்' என்றார்.

'நம்ம' அல்ல, 'உங்கள்' என்று நான் திருத்தினேன்.

'ஆமா டீச்சர், நம்ம டீச்சர் ரூமு' என்றார்.

அன்றே எழுந்து வந்திருக்க வேண்டும் என்று என் தங்கை சொல்கிறாள். அவள் கணக்கு டீச்சர். அவர்களுக்கு எல்லாம் சுலபம்.

அஸ்திவாரம் போட்ட வாரமே மதில் போயிற்று. ஆட்டோ திரும்ப இடமில்லையாம். பிரசவ வலியோடு வருகிற பெண் என்ன செய்வாள் என்று கேட்டார். பிரசவத்துக்கு மறுப்புச் சொல்ல முடியுமா? அடுத்து முன்கூடம். பத்தடிக்குப் பத்தடி என்பது என் கணக்கு. ஒரு நாள் வந்து பார்த்தால், நீங்கள் காண்கிற இந்த அளவுக்கு அகலமாகி, மூன்று பக்கமும் கல் பெஞ்சு வைக்கப்பட்டிருந்தது. கொத்தனார் சப்பாணி கலவையைக் கலக்கிக்கொண்டே, 'டீச்சர், நாப்பது பேரு தாராளமா உக்காரலாம். நான் உக்கார வச்சுப் பாத்துட்டேன்' என்றார். நாற்பது பேர் எதற்கு என்றேன். அதற்குள் வைகுண்டமணி வந்துவிட்டார். தனியாக வரவில்லை. பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த முப்பது பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

'டீச்சர், இவங்கல்லாம் மழையில நனையுதாங்க. நீங்களே சொல்லுங்க, இவங்க நனையட்டுமா, வேண்டாமா?'

முப்பது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அதில் பன்னிரண்டு பேர் என் மாணவிகள்.

'நனைய வேண்டாம்' என்றேன். கேட்ட கேள்விக்குச் சரியான விடை அதுதான்.

பிறகு திறப்பு விழா. அழைப்பிதழை அவரே அச்சடிப்பதாகச் சொன்னார்; மெய்ப்பு மட்டும் என்னிடம் வந்தது. பார்த்தேன். ஏழு பிழைகள். 'அன்புடன்' என்பதற்கு டண்ணகரம் போட்டு 'அன்புடண்'. 'ஞாயிற்றுக்கிழமை'யில் 'க்' இல்லை. அதை ஈடுகட்டுவது போல, 'வருகை தந்து' என்பதன் நடுவில் வேண்டாத ஒரு 'த்'. மற்ற நான்கையும் சொன்னால் உங்கள் மனம் வருந்தும். ஏழையும் சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் காரணமும் எழுதி அனுப்பினேன்.

தலைப்பு, 'நமது இல்லத் திறப்பு விழா' என்று இருந்தது. 'இல்ல' என்பதற்குப் பக்கத்தில் ஒற்று விடுபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இருந்தது. மகிழ்ந்தேன். 'நமது' என்பதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன். 'எனது' என்று போட்டுக்கொள்வது என் வளர்ப்புக்குப் பொருந்தாது.

இந்த ஊர் என் வகுப்பில் முப்பத்தேழு ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு நாள்தான் அதற்கு இலக்கணம் புரிந்தது. கேட்பவரும் உள்ளே என்றால் உள்ளேதான் என்று எல்லாரும் வந்துவிட்டார்கள். பாதிரியார் ஜெபித்து முடிப்பதற்குள் இந்தப் பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. மாலை ஐந்து மணிக்குப் பாயசமும் தீர்ந்தது, கூட்டம் கலையவில்லை. ஒரு பேருந்து வந்து வாசலில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. இறங்கியவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். இன்றுவரை அப்படித்தான்.

அந்தச் சுவரில் இருக்கும் கல்லைப் பாருங்கள். திரையை நீக்கியபோதுதான் நானே பார்த்தேன். 'புளியடிக்குறிச்சிப் பொதுமக்களுக்கு வைகுண்டமணி அவர்களின் அர்ப்பணிப்பு'. முதலில் 'அர்பணிப்பு' என்று ஒரு 'ப்' குறைவாகச் செதுக்கியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. அத்தனை பேர் முன்னிலையில், 'இந்தக் கல் என் வீட்டுச் சுவரில் இருக்க நான் சம்மதிக்க மாட்டேன்' என்றேன். வைகுண்டமணியின் முகம் வெளுத்தது. மூன்றே நாளில் 'ப்' சேர்த்து வேறு கல் வந்தது. என் சொத்து விஷயத்தில் நான் எப்போதும் உறுதியானவள்.

அறை மட்டும் என்னிடம் மிஞ்சியது. அதோ, பச்சைக் கதவு. நாலரை மாதம், அம்மா. காலையில் காபியோடு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வேன். வெளியே நாற்பது பேர் வானிலை பேசுவார்கள். எனக்கு ஒரு சொல் கேட்காது. சுவர் அப்படிக் கட்டியிருந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு புத்தகத்தை நடுவில் யாரும் கதவைத் தள்ளாமல் படித்து முடித்தேன். முடித்ததும் அழுதேன். சோகக் கதை அல்ல, தாவர நூல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து திரும்பி வந்தால், என் அறையில் பதினேழு பெண்கள் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். மகளிர் குழு. என் நாற்காலியில் தலைவி. கதவைப் பார்த்தேன்; தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள். வைகுண்டமணி சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

'தாழ்ப்பாள் எங்கே?' என்றேன்.

'அது எதுக்கு டீச்சர்? நம்ம பொம்பளைங்கதான. பூட்டிக்கிட்டு இருந்தா மூச்சு முட்டிரும்லா.'

'எனக்கு முட்டவில்லை.'

'உங்களுக்கில்ல டீச்சர், பதினேழு பேருக்கு' என்றார்.

அவர் முகத்தில் துளியும் கள்ளம் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது.

மறுநாள் கீழத் தெருவில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். நாற்பத்து மூன்று வீடுகள் கட்டியவரின் வீட்டுக்குள் ஊரில் யாரும் போனதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டடி மதில். இரும்புக் கேட்டு. கேட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாள்கள். கருங்கல்லில் பொன் எழுத்து: 'எங்கள் இல்லம். அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது'. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தேன். ஒரு பிழை இல்லை. 'எங்கள்'! கேட்பவர் வெளியே. மனிதருக்கு இலக்கணம் தெரிந்திருக்கிறது, அம்மா. தெரிந்தே இத்தனை நாள் தப்பாகப் பேசியிருக்கிறார். 'ஆ' பிரிவைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணத்தை அந்த இடத்திலேயே மாற்றிக்கொண்டேன்.

அவர் மனைவி சந்தனமாரி கேட்டிலுள்ள சிறிய திறப்பு வழியாக முகத்தைக் காட்டினாள்.

'அவுக இல்லையே டீச்சர். ஊர் வேலையா போயிருக்காக.'

'உள்ளே வந்து காத்திருக்கலாமா?'

அவள் சங்கடத்தோடு பின்னால் திரும்பிப் பார்த்தாள். 'கோவிச்சுக்கிடாதீங்க. வீட்டுக்குள்ள யாரையும் விடக் கூடாதும்பாக. ஊருக்கு ஓடி ஓடிச் செய்யுதவுகளுக்கு வீட்டுலயாவது நிம்மதி வேணும்லா?'

திறப்பு மூடிக்கொண்டது. உள்ளே ஒரு காற்றாடி சுற்றும் ஓசை. வேறு சத்தமே இல்லை. அந்த அமைதியை ஒரு நிமிடம் வெளியே நின்று கேட்டுவிட்டு வந்தேன்.

அந்த மாதமே ஊர் கூடி அவருக்குப் பாராட்டு விழா எடுக்கத் தீர்மானித்தது. அழைப்பிதழ் எழுதித் தரும்படி என்னிடம் வந்தார்கள். எழுதினேன். பழிவாங்கும் எண்ணம் ஏதும் எனக்குக் கிடையாது. வாக்கியம் சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. 'இடம்: நம் வைகுண்டமணி அவர்களின் திருக்கரத்தால் எழுந்த நமது இல்லம், கீழத் தெரு, முதல் வீடு'. மெய்ப்பை நானே அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நேர்மை முக்கியம் அல்லவா? அவர் தம் புகைப்படத்தை மட்டும் பார்த்தார்.

'இதைக் கொஞ்சம் பெருசாப் போடலாம்லா டீச்சர்?'

'இடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்' என்றேன்.

'நமது இல்லம்னா நம்ம டீச்சர் வீடுதான. இதைப் போயி படிக்கணுமா?' என்று கையெழுத்துப் போட்டார்.

விழா அன்று அவர் பட்டு வேட்டி கட்டி, மாலை வாங்கக் கழுத்தைத் தயார் செய்துகொண்டு, இதோ இந்த இடத்தில் வந்து நின்றார். சப்பாணியும் நானும் இரண்டு பயணிகளும் இருந்தோம். கால் மணி நேரம் ஆயிற்று. தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது. எதிர்த் திசையில் போயிற்று.

'எங்க போறானுவ?' என்றார்.

'கீழத் தெருவுக்கு' என்றேன். 'அங்கேதான் அழைத்திருக்கிறோம்.'

அவர் ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு கையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஊருக்காக அவர் ஓடியதைப் பலரும் புகழ்ந்து பேசியிருக்கிறார்கள். நான் கண்ணால் கண்டது அன்றுதான். அவர் போய்ச் சேர்வதற்குள் இரும்புக் கேட்டைத் திறந்தாகிவிட்டது. நானூறு பேர் மாலையோடு வந்து நின்றால் சந்தனமாரி என்ன செய்வாள்? ஊஞ்சலில் பதினொரு பேர். குளியலறைக்கு வரிசை. மகளிர் குழுத் தலைவி கூடத்தை நாலு பக்கமும் அளந்து பார்த்துவிட்டு, 'டீச்சர் ரூமுக்கு இது எவ்வளவோ காத்தோட்டமா இருக்கே! இத்தனை நாளும் சொல்லவே இல்லையே அண்ணாச்சி' என்றாளாம். அவர் மேடையில் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் ஒன்பது மாலை. எதிரே ஊர் மொத்தமும். வாழ்நாளில் 'முடியாது' என்ற சொல்லைப் பழகியிராதவர். 'நம்ம வீடுதானம்மா' என்றார். ஒலிபெருக்கியில் அது ஊர் முழுவதும் கேட்டது. இங்கே உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது.

அடுத்த வாரம் குழு அங்கே போய்விட்டது. பின்னாலேயே இளைஞர் மன்றத்தின் கேரம் பலகையும் போயிற்று. என் அறை எனக்குக் கிடைத்தது. திருநெல்வேலிக்கு ஆள் அனுப்பிப் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று வரவழைத்து, சப்பாணியை விட்டுப் பொருத்தச் சொன்னேன். இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய் போல் வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குப் படிக்கலாம் என்று நாலு புத்தகங்களை எடுத்து அடுக்கினேன்.

பத்து மணிக்குச் சந்தனமாரி வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதில் பின்னல் ஊசி, முறுக்கு, ஒரு வாரப்பத்திரிகை. என்னைக் கடந்து நேரே பச்சைக் கதவுக்குப் போனாள்.

'சந்தனமாரி, எங்கே போகிறாய்?' என்றேன்.

'நம்ம வீட்டுல ஒரே கூட்டம் டீச்சர். ஒரு நிமிஷம் கண்ணை மூட முடியல. உங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.' சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். தாழ் விழுந்தது. சத்தமே இல்லை, அவ்வளவு நல்ல தாழ்ப்பாள்.

எட்டு மாதம் ஆகிறது. பத்து மணிக்கு வருவாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போவாள். ஞாயிறு விடுமுறை இல்லை. நியாயமாகப் பார்த்தால் அவளைக் குறை சொல்ல முடியாது; அவள் வீட்டுக்கு ஊரை அழைத்தது என் அழைப்பிதழ். நான் இங்கே உங்களைப் போன்றவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறேனா என்றால், வெளிச்சம் இருக்கிறது, புத்தகங்கள்தாம் உள்ளே இருக்கின்றன.

அறையைப் பார்க்க வேண்டுமா? தாராளமாக. அவர் கட்டிய அறையைப் பார்த்துவிட்டே நீங்கள் முடிவு செய்யுங்கள்; என் பேச்சை மட்டும் நம்பி எதுவும் செய்யாதீர்கள். என்னோடு வாருங்கள். கதவைத் தட்டுகிறேன். இது என் வீடு, என் கதவு. இதில் எனக்கென்ன கூச்சம்?

சந்தனமாரி. சந்தனமாரி!

'யாரது?'

நான்தான். கொஞ்சம் திற.

'பஸ்ஸு வர இன்னும் நேரம் கெடக்கு. அங்கன பெஞ்சுல போயி உக்காருங்க.'